நீரிழிவுற்ற சிறாரும் உணவுக் கணக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் புதுமருந்துகளின் கண்டுபிடிப்பையே அதன் தலையாய நிகழ்ச்சிகளாகக் கொள்வர். ஆயின், ஒரு மருந்து கண்டறியப்பட்ட பின்னர் அதனை நோயுற்றோர் தம் வாழ்வில் எவ்வாறு கையாளக் கற்றனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும். நீரிழிவு நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1922ஆம் ஆண்டிலே இன்சுலின் நீரிழிவு நோயாளிக்கு முதன்முறையாக ஏற்றப்பட்டது. அம்மருந்தினால் உயிர்வாழும் சிறுவன் ஒருவன், தான் உண்ணும் உணவிலுள்ள மாப்பொருளைக் கணக்கிட்டு, அக்கணக்கிற்கேற்ப மருந்தின் அளவைத் தானே வகுத்துக்கொள்ளும் முறை பல நாடுகளிலும் வேரூன்றுவதற்கோ மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. இத்துணைக் காலம் ஏன் வேண்டியிருந்தது? மருந்துக்கேற்ப உணவா, உணவுக்கேற்ப மருந்தா என்னும் வினாவில் மருத்துவ உலகம் நெடுங்காலம் பிளவுபட்டு நின்றமையே அதற்குத் தலையாய காரணமாகும். அப்பிளவின் வரலாறும் அது தீர்ந்தவாறும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

நீரிழிவு என்பது, யாழ்ப்பாணத்தார் வழக்கிற் சலரோகம் எனப்படுவது, ஒரு பெயர் கொண்ட பல நோய்களாகும். அவற்றுள் முதலாம் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தோன்றுவது. வயிற்றினுள் அமைந்த சதையி என்னும் உறுப்பிலே லாங்கர்கான்சின் சிறுதீவுகள் எனப்படும் கலத்தொகுதிகள் உள்ளன. அவற்றிலே இன்சுலினைச் சுரக்குங் கலங்களை உடலின் காப்பாற்றலே பகையெனக் கருதி அழித்துவிடுகின்றது. சோறு, பாண், கிழங்கு, பழம், பால், சீனி என்பவற்றிலுள்ள மாப்பொருள் (விஞ்ஞான நூல்கள் காபோவைதரேற்று என்பது இதனையே) சமிபாட்டின்பின் குளுக்கோசாகிக் குருதியிற் சேரும். இன்சுலின் இன்றேல் அக்குளுக்கோசைத் தசைகள் ஏற்றுப் பயன்படுத்த இயலாது. உணவு மிகுந்திருந்தும் உடல் பசியால் மெலியும்; குருதியில் மிகுந்த வெல்லம் சிறுநீரோடு கழியும்; ஈற்றில் குருதியில் அமிலம் பெருகி அறிவு மயங்கி உயிர் பிரியும். இன்சுலினை ஊசிமூலம் ஏற்றுவதொன்றே இவ்வகையினரைக் காப்பது. ஏற்றும் அளவு உணவுக்குக் குறைந்தால் குருதி வெல்லம் உயரும். மிகுந்தால் அது தாழ்ந்து நடுக்கமும் மயக்கமும் வலிப்பும் உண்டாகும். ஆதலின் உணவின் அளவும் மருந்தின் அளவும் ஒன்றையொன்று நோக்கி நிற்பன.

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பண்டையோரும் உணர்ந்திருந்தனர். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் இந்நோயைப் பிறப்பொடு வருவதென்றும், தகாத உணவால் வருவதென்றும் இரண்டாகப் பகுக்கின்றது. முன்னையோர் மெலிந்திருப்பர் என்றும் பின்னையோர் பருத்திருப்பர் என்றும் அந்நூல் குறிப்பது வியப்பிற்குரியது. 1936ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹரல்ட் ஹிம்ஸ்வேர்த் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவோர், இணங்காதோர் எனப் பகுத்தமை இப்பாகுபாட்டை ஓரளவு நினைவூட்டும். மேனாட்டில் 1776ஆம் ஆண்டிலே மத்தேயு டொப்சன் என்பார் நோயாளியின் சிறுநீரில் உள்ள இனிப்பு வெல்லமே என்பதைச் சோதனையாற் காட்டினார். அதன்பின் உணவை மாற்றிச் சிறுநீரிற் கழியும் வெல்லத்தைக் குறைக்கலாமா என்னும் ஆராய்ச்சி எழுந்தது. படை மருத்துவரான ஜோன் ரொலோ என்பவர் 1797ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இறைச்சியுணவை மிகுத்து மாப்பொருளை நீக்கிய ஒரு முறையை விளக்கினார். 1870, 1871ஆம் ஆண்டுகளிற் பாரிசு நகரம் பகைவர் முற்றுகைக்குட்பட்டு உணவின்றி வாடியபொழுது, நோயாளர் சிலரின் சிறுநீரில் வெல்லம் குறைந்ததை அப்பொலினேர் புசார்தா என்னும் மருத்துவர் கண்டறிந்தார். பஞ்சம் கற்பித்த இப்பாடமே பிற்காலப் பட்டினி மருத்துவத்துக்கு ஒரு முன்னோடியாயிற்று.

அப்பட்டினி மருத்துவத்தை முறைப்படுத்தியவர் நியூயோர்க்கிலே ரொக்கபெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த பிரெடெரிக் அலன் ஆவார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அவர் கையாண்ட முறை பின்வருமாறு: சிறுநீரில் வெல்லம் அற்றுப்போகும்வரை நோயாளியைப் பட்டினியிடுவர், பின்னர் மூன்றுமுறை அவித்துச் சாரம் நீக்கிய மரக்கறிகளிலிருந்து தொடங்கி, மாப்பொருளைக் கிராம் கிராமாகக் கூட்டுவர், வெல்லம் மீண்டும் தோன்றும் எல்லையைக் கண்டு, அதற்குக் கீழே உணவை நிறுத்துவர். உணவின் ஒவ்வொரு துணுக்கும் தராசில் நிறுக்கப்பட்டது. மாப்பொருளைக் கிராமளவிற் கண்டிப்புடன் எண்ணும் வழக்கம் இவ்வாறே மருத்துவமனைகளில் நிலைபெற்றது. பொஸ்டன் நகரின் புகழ்பெற்ற மருத்துவர் எலியட் ஜொஸ்லினும் இம்முறையை ஏற்றார். நோயைத் தீர்க்க அதனால் இயலவில்லை. ஆயின் சில திங்களில் மடியவேண்டிய சிலருக்கு ஓரிரு ஆண்டுகளை அஃது ஈட்டித்தந்தது.

அவ்வாயுளுக்குச் சிறார் கொடுத்த விலை பெரிது. அந்நிலையத்தில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அலன் எழுதியுள்ளார். பார்வை இழந்து கட்டிலிற் கிடந்த அவனுக்குக் கண்டிப்பான உணவே அளிக்கப்பட்டது; எனினும் அவன் சிறுநீரில் வெல்லம் தோன்றிக்கொண்டேயிருந்தது. நோய் முற்றியதென எண்ணிய மருத்துவர் அவன் உணவை மேலும் மேலும் குறைத்தனர். உண்மையில் அச்சிறுவன் பற்பசையையும், தான் கேட்டுப் பெற்ற கூண்டுக் குருவிக்கு இட்ட தானியத்தையும் மறைவில் உண்டுவந்தான் என்பது பின்னரே தெரியவந்தது. அவன் பிழைக்கவில்லை. உணவுக் கணக்கின் முதற்காலத்தை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும். தராசு மருத்துவர் கையில் இருந்தது. அது நிறுத்தது எதனைக் கொடுக்கலாம் என்பதையன்று, எதனை மறுக்கவேண்டும் என்பதையே. கணக்கிற்கு உட்பட்ட குழந்தைக்கு அக்கணக்கிற் பங்கில்லை.

இந்நிலையை மாற்றியது ரொறன்ரோ நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்திலே 1921ஆம் ஆண்டிலே பிரெடெரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் என்போர் பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் விலங்குகளின் சதையியிலிருந்து சாரம் பிரித்தனர். 1922 சனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. அவனது நிறை அப்பொழுது 65 இறாத்தலே. முதல் ஊசி சிறந்த பயன் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய சாரம் சனவரி 23ஆம் நாள் ஏற்றப்பட்டபின் குருதி வெல்லம் தாழ்ந்து சிறுவன் தேறினான். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி பான்ரிங்கிடம் வந்தாள். அமெரிக்க வெளிநாட்டமைச்சரின் மகளாகிய அவள் பதினோராம் வயதில், 1919ஆம் ஆண்டில், நோயுற்று, மூன்றாண்டுகள் அலனின் முறைப்படி பட்டினியால் உயிர்தரித்தவள். அப்பொழுது அவளது நிறை 45 இறாத்தல். இன்சுலின் பெற்ற அவள் பருவத்துக்கேற்ற உணவுண்டு வளர்ந்து, மணம்புரிந்து மக்களைப் பெற்று, 1981ஆம் ஆண்டுவரை வாழ்ந்தாள். அலனின் கடுங்கணக்கு இன்றேல் அவள் இன்சுலினைக் கண்டிருக்கமாட்டாள் என்பதையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும்.

இன்சுலின் வந்ததும் உணவுக் கணக்கு ஒழிந்துவிடும் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நிகழ்ந்ததோ அதன் மறுதலை. எவ்வளவு உணவுக்கு எவ்வளவு மருந்து என்னும் புதுக்கேள்வி பிறந்தமையின் கணக்கு முன்னிலும் இன்றியமையாததாயிற்று. இவ்விடத்தில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சார்ந்த ரொபின் லோறன்ஸ் சிறப்பிடம் பெறுகின்றார். இளம் மருத்துவராயிருக்கும்பொழுதே நீரிழிவுற்ற அவர், தம் முடிவு நெருங்கியதெனக் கருதி இத்தாலியின் புளோரன்சு நகரிற் சென்று தங்கியிருந்தார். இன்சுலின் கிடைத்துவிட்டதென்றும் விரைந்து திரும்புமாறும் நண்பரொருவர் விடுத்த செய்தி கேட்டு, 1923 மே மாத இறுதியில் இலண்டன் சேர்ந்து மருந்து பெற்றார். அதன்பின் 1968வரை வாழ்ந்த அவர் நோயாளியும் மருத்துவருமாக இருநிலையில் நின்று இந்நோயை நோக்கினார். 1934ஆம் ஆண்டில் எழுத்தாளர் எச். ஜீ. வெல்சுடன் சேர்ந்து நீரிழிவுற்றோர்க்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார்.

லோறன்ஸ் வகுத்த உணவுமுறை எளிமை வாய்ந்தது. உணவுகளைக் கறுப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு கறுப்புப் பங்கு 10 கிராம் மாப்பொருளைக் கொண்டது. ஏறக்குறைய 20 கிராம் பாண் அதற்கு ஈடாகும். ஒரு சிவப்புப் பங்கு ஏழரைக் கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்புங் கொண்டது. ஒரு கறுப்பும் ஒரு சிவப்புஞ் சேர்ந்தது ஒரு வரி. ஒரு வேளைக்கு இத்தனை வரி என மருத்துவர் வகுத்துவிட்டால், பாணுக்குப் பதிலாகக் கிழங்கையோ பழத்தையோ நோயாளி தானே தெரிந்துகொள்ளலாம். முன்னர் மறுப்பதற்கு உதவிய எண் இப்பொழுது தெரிவுக்கு இடந்தந்தது. 1925ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் மருத்துவர்க்கும் நோயாளர்க்கும் ஒருங்கே எழுதப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

ஆனால் கணக்குச் சரியாயிருக்கவேண்டுமாயின் அட்டவணை சரியாயிருத்தல் வேண்டும். அக்கால அட்டவணைகள் நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றைக் கழித்து எஞ்சியதனை மாப்பொருளெனக் கொண்டன. அவ்வெச்சத்தில் உடல் சமிக்கவியலாத நார்ப்பொருளும் அடங்கியிருந்தமையால் மரக்கறிகளின் கணக்குப் பிழைபட்டது. லோறன்சின் தூண்டுதலால் ரொபேட் மக்கான்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் பழங்களையும் மரக்கறிகளையும் பச்சையாகவும் சமைத்தும் பகுப்பாய்வு செய்தார். குருதியிற் குளுக்கோசாக மாறத்தக்கது, மாறாதது என மாப்பொருளைப் பிரித்துக் காட்டும் அறிக்கையை இருவரும் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழவெல்லத்தை மக்கான்ஸ் அளந்த முறையில் ஒரு குறையிருப்பதை எல்சி விடோசன் என்னும் இளம் பெண்மணி எடுத்துக்காட்ட, அவர் அதனை ஏற்று அப்பெண்மணியையே தம் ஆய்விற் சேர்த்துக்கொண்டார். அவ்விருவரும் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுச் சேர்க்கை நூல் பல பதிப்புக் கண்டு இன்றும் வழங்குகின்றது. நீரிழிவுற்றோரின் தட்டிலிருந்து எழுந்த ஒரு தேவை உணவியல் முழுமைக்கும் அடிநூல் ஒன்றை அளித்தமை அறிவு வளரும் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

இதே காலத்தில் அன்று ஜேர்மனிக்கு உரித்தாயிருந்ததும், இன்று போலந்தில் விரொட்சுவாவ் எனப்படுவதுமான பிரெசுலாவு நகரின் குழந்தை மருத்துவர் கார்ல் ஸ்தோல்தே மிகத் துணிவான ஒரு கருத்தை முன்வைத்தார். நலமுள்ள குழந்தையின் சதையி உணவு வந்தபின் அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கின்றது. ஆகவே நோயுற்ற குழந்தையும் தன் வயதினர் போன்றே உண்ணட்டும். ஒவ்வொரு வேளைக்கும் முன் சிறுநீரைச் சோதித்து அதற்குரிய இன்சுலினை ஏற்றுவோம் என்பது அவரது நிலை. 1920களின் இறுதி தொட்டு அவர் இதனை வலியுறுத்தினார். சமகால மருத்துவர் பலர் இதனை ஒழுங்கீனமென எதிர்த்தனர். உணவிலே கட்டுப்பாடு ஒருவகை ஒழுக்கமாகவும், அதனைத் தளர்த்துதல் குற்றமாகவும் எண்ணப்பட்ட காலம் அது.

ஸ்தோல்தேயின் வழி பின்தள்ளப்பட்டமைக்கு மருந்தியலின் ஒரு வெற்றியே காரணமாயிற்று. 1936ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டவராகிய ஹான்ஸ் ஹாகடோர்ன் மெதுவாகக் கரையும் இன்சுலினை ஆக்கினார். நாளுக்குப் பலமுறை குத்திய ஊசி ஒன்றாகவோ இரண்டாகவோ குறைந்தது. குழந்தைக்கு அது பேருதவியே. எனினும் காலையில் ஏற்றிய மருந்து நாள் முழுதும் தன் போக்கில் வேலைசெய்யும். அதனை இடையில் நிறுத்தவியலாது. ஆகவே உணவு கடிகாரத்துக்கும் மருந்துக்கும் அடங்கவேண்டியதாயிற்று. பசியில்லாப்பொழுதும் குழந்தை குறித்த அளவை உண்ணவேண்டும், பசித்தபொழுது பொறுத்திருக்கவேண்டும், விளையாட்டு நீண்டாலும் உணவு தாமதித்தாலும் மயக்கம் நேரும். 1950ஆம் ஆண்டில் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் உணவியலார் சங்கமும் அரசினர் சுகாதார சேவையுஞ் சேர்ந்து வெளியிட்ட மாற்றீட்டு அட்டவணைகள் ஒரு பாண் பங்கை 15 கிராம் மாப்பொருளாக வகுத்தன. அவை உணவைத் தெரிய வழிசெய்தன. அளவைத் தெரிய இடந்தரவில்லை.

அக்காலத்திலேயே மற்றோர் அச்சமும் தலைதூக்கியது. இன்சுலினால் உயிர்தப்பிய முதற்றலைமுறைச் சிறார் வளர்ந்து இருபது முப்பது வயதெய்தியபொழுது அவருட் பலருக்குக் கண்ணொளி மங்கியது, சிறுநீரகம் பழுதுற்றது, நரம்பு தளர்ந்தது. குருதி வெல்லம் உயர்ந்து நின்றமையே இதற்குக் காரணம் என்றும், ஆதலின் உணவையும் மருந்தையும் கண்டிப்பாக அளத்தல் வேண்டும் என்றும் ஜொஸ்லின் வழியினர் கூறினர். நோயாளி நலமாக உணருமட்டும் சிறுநீரில் வெல்லம் கழிவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும், கட்டற்ற உணவே நன்றென்றும் நியூயோர்க்கு மருத்துவர் எட்வேட் டோல்ஸ்டோய் முதலியோர் வாதித்தனர். இருதிறத்தாரும் அனுபவத்தை எடுத்துரைத்தனரேயன்றி ஐயந்தீர்க்கும் சான்று எவரிடத்தும் இருக்கவில்லை. இடைப்பட்டோர் இளம் நோயாளரே. கண்டிப்பில் இளமையை இழப்பதா, கட்டற்ற வாழ்வில் கண்ணை இழப்பதா என்னும் இக்கட்டு அவர்களுடையதாயிருந்தது.

சான்று பெறுவதற்குக் கருவிகள் வேண்டியிருந்தன. 1970களின் இறுதியில் விரல்நுனிக் குருதியை வீட்டிலேயே சோதிக்கும் வழி பிறந்தது. இரண்டு மூன்று திங்களின் சராசரி வெல்லநிலையை ஒரே குருதிச் சோதனையாற் காட்டும் முறையும் வழக்கிற்கு வந்தது. 1980களில் ஜேர்மனியின் டுசல்டோர்வு நகரிலே மைக்கேல் பேர்கரும் துணைவரும் நோயாளர்க்கு ஐந்துநாட் பாடநெறி நடத்தி, உணவைக் கணக்கிடவும் மருந்தளவைத் தாமே தீர்மானிக்கவும் பயிற்றினர். ஸ்தோல்தேயின் எண்ணம் இவ்வாறு கல்வியின் துணையோடு மீண்டது. நோயாளியை மாணவனாகவும் மருத்துவமனையைப் பள்ளியாகவும் கொண்டமை இதன் சிறப்பு.

ஈற்றில் வழக்கைத் தீர்த்தது 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்ற பேராய்வாகும். 13 முதல் 39 வயதுவரையுள்ள 1441 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாரார் வழமையான ஓரிரு ஊசிகளோடிருந்தனர். மற்றையோர் நாளுக்கு மூன்றும் அதற்கு மேலும் ஊசியேற்றியோ பம்பியைப் பொருத்தியோ, தம் குருதியைப் பன்முறை சோதித்து, உணவுக்கேற்ப மருந்தை மாற்றினர். முன்பு கண்ணோய் இல்லாதோரிடை அது தோன்றும் வாய்ப்பு இரண்டாஞ் சாராரில் 76 வீதம் குறைந்தது. வெல்லத்தை நெறிப்படுத்தல் வேண்டும் என்பதில் ஜொஸ்லின் வழியினர் வென்றனர். அந்நெறிக்கு வழி உணவுக்கேற்ற மருந்தே என்பதில் ஸ்தோல்தே வென்றார். அவ்வாய்வில் வெல்லம் மிகத் தாழ்ந்து மயங்கும் இடர் ஏறக்குறைய மும்மடங்காயிற்று என்பதும் மறைக்கத்தக்கதன்று. உண்டவுடன் விரைந்து வேலைசெய்யும் புதுவகை இன்சுலின் 1996ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. மாப்பொருட் கணக்கு அதனோடு சேர்ந்து மேலும் பயனுடையதாயிற்று.

இன்றைய முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவிக்கு 10 கிராம் மாப்பொருளுக்கு ஓர் அலகு இன்சுலின் வேண்டும் என மருத்துவர் கண்டிருப்பின், 60 கிராம் மாப்பொருள் கொண்ட உணவுக்கு 6 அலகு தேவை. இவ்விகிதம் ஆளுக்காள் வேறுபடும். ஒருவருக்கே காலையும் மாலையும் வேறுபடலாம். பூப்புப் பருவத்தில் உடலின் தேவை மிகும். ஓடி விளையாடின் குறையும். ஆகவே விகிதத்தை அடிக்கடி நோக்கித் திருத்துதல் வேண்டும். அட்டவணைகள் பெரும்பாலும் பாணுக்கும் கிழங்குக்குமென எழுந்தவையாயினும் கணக்கின் அடிப்படை கிராமே. சோறுண்ணும் நாட்டிற்கும் அது பொருந்தும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாப்பொருள் உண்டு. வீட்டிற் சோறள்ளும் கரண்டியையோ கோப்பையையோ சிலநாள் நிறுத்துப் பழகிய சிறுவன், பின்னர் பந்தியிலமர்ந்தும் கண்ணளவாலே கணக்கிடுவான்.

இக்கணக்கிற்கு எல்லையுமுண்டு. 60 கிராம் மாப்பொருள் கொண்ட உணவைக் கணக்கிடுங்கால் 10 கிராம் வரை பிழைத்தால் சிறாரின் வெல்லநிலை பெரிதும் மாறுவதில்லை என்றும், 20 கிராம் பிழைத்தால் மாறுகின்றதென்றும் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகர ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆகவே மயிரிழைத் திட்பத்தை வேண்டிக் குழந்தையை வருத்துதல் பயனற்றது. கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு வெல்லத்தை நேரங்கழித்து உயர்த்துமாதலின் மாப்பொருளை மட்டும் எண்ணுதலும் போதாது. எண்ணிலேயே மனம் ஊன்றி, உணவை அஞ்சுவோரும், உடல் மெலிய வேண்டி மருந்தைத் தவிர்ப்போரும் இளையோரிடை உளர். அவர்க்கு வேண்டியது கண்டனமன்று, பரிவுள்ள துணை. எல்லாவற்றிற்கும் மேலாக, இன்சுலின் கிட்டாத ஏழைச் சிறாருக்கு எக்கணக்கும் உதவாது. 1922க்கு முந்திய நிலை உலகின் பல மூலைகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அலனின் மருத்துவமனையிலும் இன்றைய வீட்டு அடுக்களையிலும் இருப்பது ஒரே தராசு. எண்ணப்படுவதும் அதே கிராம். மாறியது அதனைப் பிடிக்குங் கை. மருத்துவரிடமிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து குழந்தைக்கும் அது வந்து சேர மருந்து மட்டும் போதவில்லை. சரியான அட்டவணை, சோதனைக் கருவி, நீண்ட ஆய்வு ஆகியவற்றோடு, சிறுவனாலும் கற்க இயலும் என்னும் நம்பிக்கையும் வேண்டியிருந்தது. வகுப்பறையில் நண்பரோடு உணவுப் பொதியை அவிழ்க்குமுன் ஒரு மாணவன் சற்று நின்று மனத்துள் எண்ணிப்பார்ப்பானாயின், அவனது தயக்கத்தை விளங்கிக்கொள்வதும் அதற்குரிய நேரத்தை அவனுக்கு அளிப்பதும் ஆசிரியரும் உடன்பயில்வோரும் செய்யத்தக்க உதவியாகும்.